அக்டோபர் சுண்ணாம்பு

எங்கள் குடியிருப்பின் முற்றத்தில் முப்பத்தொரு மரங்கள். அவற்றில் ஒன்று கிளாவா அத்தையுடையது. டிராம் ஓட்டி ஓய்வுபெற்ற ஆண்டில் தன் கையால் நட்ட சைபீரியக் குட்டி ஆப்பிள். மே மாதத்தில் வெள்ளையாய்ப் பூக்கும். செப்டம்பரில் சுண்டைக்காய் அளவில் சிவப்பாய்ப் பழுக்கும். மைனஸ் நாற்பது டிகிரிக் குளிரைச் சட்டை செய்யாது. அதற்குப் பயம் பிப்ரவரி வெயில்தான். பகலில் சூடேறும் பட்டை, இரவில் உறைந்து வெடித்துவிடும். வெள்ளை பூசினால் வெயில் பட்டையில் ஏறாது. அதனால்தான் அக்டோபரிலேயே தண்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பது.

நகர அழகுத் துறை ஏப்ரலில்தான் அடிக்கும். மே தின ஊர்வலத்துக்குப் பளிச்சென்று இருக்க வேண்டுமே.

அத்தை காத்திருக்கவில்லை, தானே அடித்துவிட்டாள். மறுநாளே துறைத் தலைவர் வெனியாமின் லூகிச், இரண்டு ஆட்களும் ஒரு கோப்புமாக வந்து நின்றார்.

"என்னம்மா இது? முப்பது மரம் கறுப்பா நிக்குது, இது மட்டும் வெள்ளையா. எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும். விதி."

"அப்ப மீதி முப்பதையும் அடிச்சிடுங்க, லூகிச்."

"சுண்ணாம்பு ஏப்ரலுக்குத்தான் ஒதுக்கியிருக்கு."

"பிப்ரவரிகிட்ட அதைச் சொல்லிட்டீங்களா?"

லூகிச் ஆட்களுக்குக் கையைக் காட்டினார். ஆட்கள் கம்பித் தூரிகையால் சுண்ணாம்பைச் சுரண்டினார்கள். கொஞ்சம் பட்டையும் சேர்ந்து வந்தது. அத்தை கையெழுத்துப் போட மறுத்தாள் என்று கோப்பில் எழுதிக்கொண்டார்கள்.

பிப்ரவரியில் தெற்குப் பக்கப் பட்டை இரண்டு சாண் நீளத்துக்கு வெடித்தது. அத்தை களிமண்ணும் சாணமும் குழைத்து அப்பி, சாக்கைச் சுற்றிக் கட்டினாள். ஏப்ரலில் சுண்ணாம்பு வண்டி வந்தது, கூடவே லூகிச்சும் புகைப்படக்காரரும்.

"அந்தச் சாக்கை அவிழ்த்துடுங்கம்மா, படத்துல அசிங்கமா இருக்கும்," என்றார் லூகிச்.

"உங்க ஆளுங்க செஞ்ச காயம் அது. தொட்டா கையை ஒடிப்பேன்."

லூகிச் புகைப்படக்காரரை வடக்குப் பக்கமிருந்து எடுக்கச் சொன்னார்.

மே மாதம் மரம் பாதிதான் பூத்தது. மறுபாதி வெறும் குச்சி. அத்தை அழவில்லை. ஏப்ரல் சுண்ணாம்பு மழையில் கரைந்துபோயிருந்தது. அக்டோபர் பிறந்ததும் வாளியோடு எங்கள் ஒவ்வொருவர் கதவையும் தட்டினாள். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முப்பத்தொன்றும் வெள்ளையாயின.

திங்களன்று லூகிச் ஓடிவந்தார்.

"யாரு அனுமதி கொடுத்தது?"

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கா பாருங்க. விதி உங்களுதுதானே?"

கோப்பை முன்னும் பின்னும் புரட்டினார். முப்பத்தொன்றையும் சுரண்டச் சொல்லும் தாள் அதில் இல்லை.

ஒரு வாரம் கழித்துப் பத்திரிகையில் முழுப்பக்கப் படம்: வெள்ளை மரங்களின் நடுவே லூகிச், கையில் உலர்ந்த தூரிகை. கீழே, 'அக்டோபரிலேயே சுண்ணாம்பு: அழகுத் துறையின் புதுமை'.

எங்களுக்குக் கொதித்தது. அத்தை மட்டும் எங்கள் பிரதிகளையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். பனிக்காலத்தில் எலிகள் அடித்தண்டைக் கொறிக்கும். நாலு மடிப்புத் தாள் சுற்றினால் மரம் தப்பும். லூகிச்சின் முகம் வெளியே தெரியும்படி, எலியின் வாய்க்கு எட்டும் உயரத்தில் வைத்துக் கட்டினாள்.