கீழே ஓடும் வரி

ஒரு டி.வி.யைத் தேர்ந்தெடுக்க எத்தனை பேர் வேண்டும் என்று என்னைக் கேட்டால், ஒருவரே அதிகம் என்பேன். எங்கள் வீட்டுக்கு மூன்று பேர் தேவைப்பட்டார்கள்: என் வீட்டுக்காரர், அவருடைய அக்கா புருஷன், அந்த அக்கா புருஷனின் அளவு டேப்.

அக்கா புருஷனுக்கு நான் மனதுக்குள் வைத்திருக்கும் பெயர் நிபுணர். முகத்துக்கு நேரே அண்ணா. லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். லிஃப்டைத் தவிர உலகத்தில் உள்ள அத்தனை பொருளைப் பற்றியும் அவருக்குத் தெரியும். நாங்கள் கொசுவலை வாங்கினாலும் அவரைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கேட்காமல் வாங்கினால் என் நாத்தனார் மூன்று மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

என் வீட்டுக்காரர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். காலையில் பதினேழு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய், சாயங்காலம் அதே பதினேழு பிள்ளைகளை வீட்டில் இறக்கிவிடுகிறார். இருபது வருடமாக இதே வேலை. இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லப்போவதில் டி.வி. பெரிய விஷயமே இல்லை. அந்த வேன்தான் விஷயம். இது எனக்கே கடைசியில்தான் உறைத்தது என்பதில்தான் என் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

பழைய டி.வி. நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. முப்பத்திரண்டு அங்குலம். அதில் படம் வந்தது, சத்தம் வந்தது, பக்கத்து வீட்டுக்கும் சேர்த்தே வந்தது. ஆனால் மூன்று மாதமாக என் வீட்டுக்காரருக்கு அது பிடிக்கவில்லை. "எழுத்தெல்லாம் பொடிசா வருது. முன்ன மாதிரி இல்ல" என்றார். டி.வி.க்கு வயதானால் எழுத்து சுருங்கிவிடுமா என்று கேட்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், உங்களுக்குப் புதுசு வேண்டுமென்றால் நேராகச் சொல்லுங்கள் என்றும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே நாற்காலியை டி.வி.க்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் காய் நறுக்கப் போய்விட்டேன்.

சனிக்கிழமை காலையில் நிபுணர் டேப்போடு வந்து இறங்கினார். சோபாவிலிருந்து சுவர் வரை அளந்தார். எட்டடி. அதை அங்குலமாக்கி, எதனாலோ வகுத்து, காற்றில் விரலால் கணக்குப் போட்டு, "நடுத்தரமா ஒண்ணு எடுக்கணும். பெருசு எடுத்தா கழுத்து வலிக்கும், சின்னது எடுத்தா கவுரவம் போயிடும். நாப்பத்தி மூணுதான் உங்களுக்கு" என்றார். பிறகு செய்தித்தாளைச் சேர்த்து ஒட்டி, சரியாக நாற்பத்து மூன்று அங்குல அகலத்துக்கு வெட்டி, சுவரில் மாட்டி, எட்டடி தள்ளி நின்று ரசித்தார்.

"அண்ணா, டி.வி.யை மூலைக்கு மூலைதான அளப்பாங்க? அகலம் இவ்வளவு வராதே" என்றேன்.

"எனக்குத் தெரியாதாம்மா? ஒரு சுத்து பெருசா வெச்சுப் பாத்தாத்தான் கண்ணுக்குப் பழகும்" என்றார். என்னுடைய கண் தொழிலையே எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் ஆள் அவர்தான். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் பத்தொன்பது வருடமாகக் கண் பரிசோதனை செய்கிறேன். டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வருவார். நான் எழுதி வைத்திருக்கும் தாள்களில் தலையைத் தூக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அந்த அளவுக்கு என் மேல் நம்பிக்கை.

செய்தித்தாள் டி.வி.யை என் வீட்டுக்காரர் சோபாவில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். "இது போதும்னு தோணுது மாமா" என்றார். அதில் தலைப்புச் செய்தி தலைகீழாக இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

மதியம் மூன்று பேரும் கடைக்குப் போனோம். இரண்டாவது மாடி முழுக்க டி.வி. ஒரே கிளி ஐம்பது திரையில் ஒரே நேரத்தில் பறந்துகொண்டிருந்தது. கழுத்தில் டை கட்டிய விற்பனையாளர் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், எங்களைப் பார்த்ததும் சிரிப்பை மாட்டிக்கொண்டு வந்தார். நிபுணர் அவரைப் பேசவிடவில்லை. அந்த ஆளுக்கே டி.வி. என்றால் என்ன என்று அரை மணி நேரம் பாடம் எடுத்தார். பாவம், அவரும் தலையாட்டினார். சம்பளத்துக்கு அதுவும் சேர்த்திதான் போலிருக்கிறது.

"இதைப் பாருங்க சார், நாப்பத்தி மூணு" என்று ஒன்றைக் காட்டினார். என் வீட்டுக்காரர் எதிரே போட்டிருந்த சோபாவில் உட்கார்ந்து கண்ணை இடுக்கினார்.

"எழுத்து தெளிவா இல்லையே."

"கேபிள்ல கோளாறு" என்றார் நிபுணர்.

ஐம்பது அங்குலத்தைக் காட்டினார்கள். "கொஞ்சம் மங்கலா இருக்கு" என்றார் என் வீட்டுக்காரர். விளக்கு வெளிச்சம் திரையில் அடிக்கிறது என்றார் நிபுணர். ஐம்பத்தைந்தைக் காட்டினார்கள். அதிலும் ஏதோ சரியில்லையாம். அது கம்பெனி சரியில்லை என்றார் நிபுணர். அவரிடம் காரணத்துக்குப் பஞ்சமே இல்லை, ஒன்று போனால் இன்னொன்று வரும்.

எனக்கு எரிச்சல் மண்டையில் ஏறியது. என் வீட்டுக்காரர் பெண் பார்க்கப் போன மாப்பிள்ளை வீட்டார் போல ஒவ்வொன்றுக்கும் நொட்டை சொல்கிறாரே என்று கோபம். விற்பனையாளரிடம் செய்தி சேனல் வைக்கச் சொன்னேன். வைத்தார். கீழே சிவப்புப் பட்டையில் வரி ஓடியது, எழுத்து ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் பருமன்.

"ஐம்பத்தஞ்சுல இதுகூடத் தெரியலன்னா டி.வி. மேல தப்பில்ல. படிங்க, என்ன ஓடுது?" என்றேன். அவரை மட்டம் தட்டத்தான் கேட்டேன். சத்தியமாக வேறு நினைப்பு இல்லை.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கணீரென்று படித்தார். "மேம்பால வேலை நடப்பதால் கனரக வாகனங்கள் மாற்றுப் பாதையில் செல்ல வேண்டும்."

திரையில் ஓடிய வரி: மிருகக்காட்சி சாலையில் ஒட்டகச்சிவிங்கி குட்டி ஈன்றது.

நிபுணர் டி.வி.க்குப் பின்னால் குனிந்து கேபிள் செருகும் ஓட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். விற்பனையாளர் என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். மேம்பாலச் செய்தி எனக்கும் தெரியும். காலையில் அவர் வேன் துடைக்கும்போது ரேடியோவில் மூன்று தடவை சொன்னது.

"அடுத்த வரி?" என்றேன்.

"அதேதான் திரும்ப ஓடுது" என்றார் அவர்.

ஓடியது தீயணைப்பு நிலையத் திறப்பு விழா.

நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் உள்ளங்கையால் அவருடைய வலது கண்ணை மூடினேன். ஒரு நாளைக்கு முப்பது பேருக்குச் செய்கிற வேலை, கை தானாகப் போனது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"என்ன பண்ற? எல்லாரும் பாக்குறாங்க."

"யார் பாக்குறாங்க? சொல்லுங்க."

அவர் தலையை இருபுறமும் திருப்பினார். எங்களைச் சுற்றி ஒருவரும் இல்லை. விற்பனையாளர்கூட நகர்ந்து போயிருந்தார்.

அந்தச் சோபாவில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. போன மாதம் பள்ளிக்கூடத்தில் டிரைவர்களிடம் பார்வைச் சான்று கேட்டார்கள். வருடா வருடம் கேட்பதுதான். அவரை என் நாற்காலியில் உட்கார வைத்து, மூன்றாவது வரியைப் படிக்கச் சொன்னேன். அவர் மேலிருந்து கடைசி வரி வரை மூச்சுவிடாமல் படித்தார். ஒரு எழுத்து பிசகவில்லை. ஐம்பத்து மூன்று வயதில் என்ன கண் பாருங்கள் என்று கடை முழுக்கப் பெருமை அடித்துக்கொண்டேன். நல்ல பார்வை என்று நானே எழுதினேன். டாக்டர் தலையைத் தூக்காமல் கையெழுத்துப் போட்டார்.

அந்த எழுத்து அட்டைக்கு எதிரே இருக்கும் பெஞ்சில்தான் அவர் தினமும் சாயங்காலம் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து, நான் கடை மூடும்வரை உட்கார்ந்திருப்பார். பத்தொன்பது வருடமாக. எந்த மடையனுக்கும் அது மனப்பாடம் ஆகும். மனப்பாடம் செய்துகொண்டு வருகிற கில்லாடிகளுக்காகவே என் மேஜை டிராயரில் எழுத்து மாற்றிய இன்னொரு அட்டை வைத்திருக்கிறேன். சின்னப் பிள்ளைகளுக்குக்கூட அதை மாட்டிச் சோதித்திருக்கிறேன். புருஷனுக்கு மாட்டத் தோன்றவில்லை. ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் துள்ளி விழுந்த கதைதான். நிபுணரைப் பார்த்துக் காலையிலிருந்து சிரித்தேனே, அவராவது செய்தித்தாளைத்தான் தப்பாக வெட்டினார்.

என் வீட்டுக்காரரை வாஷிங் மெஷின் வைத்திருந்த மூலைக்கு அழைத்துப் போனேன்.

"எத்தனை நாளா?"

"இடது கண்ணு ரெண்டு வருஷமா மூட்டம். வலதுல சமாளிச்சேன். இப்ப அதுவும் புகை மாதிரி இருக்கு."

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன? அது என் வேலைதான?"

"அதனாலதான் சொல்லல. தெரிஞ்சா நீ சும்மா இருக்க மாட்ட."

"ஆபரேஷன் பண்ணா சரியாகுறதாக்கூட இருக்கலாம். இதுக்குப் போயி..."

"படுத்து எழுந்து வர்றதுக்குள்ள வேனை வேற ஒருத்தன்கிட்ட குடுத்துடுவாங்க. அப்புறம் திருப்பித் தர மாட்டாங்க. வேற என்ன தெரியும் எனக்கு?" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "இருபது வருஷமா அதே ரோடு. எந்தப் பள்ளம் எங்க இருக்குன்னு தெரியும். கண்ணை மூடிக்கிட்டே ஓட்டுவேன்."

"அதைத்தான் பண்ணிட்டிருக்கீங்க" என்றேன்.

அவர் வாஷிங் மெஷின் மூடியைத் திறந்து மூடினார். வருடப் பரீட்சை முடியட்டும், இரண்டே மாதம், லீவில் ஆபரேஷன் செய்துகொள்கிறேன், அதுவரை வாயைத் திறக்காதே என்று கேட்டார். கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் அவர் என்னிடம் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. எனக்கு அவரை அடிக்க வேண்டும்போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும்போலவும் இருந்தது. பதினேழு பிள்ளைகளில் மிகச் சின்னது ஒன்று, இறங்கியதும் வேனுக்கு முன்னால் ஓடித்தான் ரோட்டைத் தாண்டும். தினமும் அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். இனி அந்தக் கதையை நான் எப்படிக் கேட்பேன்?

"கொஞ்சம் இருங்க, வரேன்" என்று சொல்லிவிட்டு மாடியிலிருந்து இறங்கி, ரோட்டைத் தாண்டி, எதிரே இருந்த மருந்துக் கடை வாசலில் நின்று பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியைக்குப் போன் செய்தேன். அவர் பக்கத்தில் நின்றால் எனக்குத் தைரியம் வராது என்று தெரியும்.

யார் என்று சொன்னேன். விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மா முதலில் நம்பவில்லை.

"போன மாசம்தான சர்டிபிகேட் குடுத்தாரு? நல்ல பார்வைன்னு போட்டிருந்துதே. யாரு டெஸ்ட் பண்ணது?"

"நான்தான் மேடம். தப்பாப் பண்ணிட்டேன்."

அந்தத் தாள் என் வேலைக்கும் உலை வைக்கும் என்று அவருக்கும் புரிந்திருக்கும். "பாருங்கம்மா, எங்ககிட்ட இருக்கிறதுலயே நல்ல டிரைவர் அவர்தான். இதுவரைக்கும் ஒரு கீறல் விழுந்ததில்ல. வீட்டுல ஏதாவது சண்டையா? கோபத்துல சொல்றீங்களா? திங்கக்கிழமைக்கு வேற ஆளு போடறதுன்னா இப்பவே ஏற்பாடு பண்ணணும். உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?" என்றார்.

அப்போது எதிரே கடைக் கண்ணாடிக் கதவு திறந்தது. முதலில் நிபுணர் வந்தார். நாற்பத்து மூன்றையே முடிவு செய்துவிட்ட களை முகத்தில் தெரிந்தது, கேபிள்காரனை இரண்டு தட்டு தட்டினால் எல்லாம் சரியாகும் என்று யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் வந்தார். வாசற்படியில் நின்று என்னைத் தேடினார். நடுவில் ஒரு ரோடுதான். நான் கையைத் தூக்கிக் காட்டினேன். அவர் பார்வை என் மேல் பட்டு, நிற்காமல் தாண்டிப் போனது.

அவருக்கு நாலு அடி தள்ளி, படியோரத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். என் உயரம், தோளில் என்னுடையதைப் போல ஒரு பை. யாருக்கோ காத்திருந்தாள். அவர் அவளிடம் போனார். தலையைக் குனிந்துகொண்டு பேசத் தொடங்கினார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை, ஆனால் இரண்டு விரலைக் காட்டி ஏதோ கேட்டார். இரண்டு மாதம். அந்தப் பெண் திகைத்துப் போய் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். நான் கோபித்துக்கொண்டேன் என்று நினைத்திருக்க வேண்டும், அவர் இன்னும் ஒரு அடி கிட்டே போய் அவளிடம் கெஞ்சினார்.

"ஹலோ? நிச்சயமாத் தெரியுமான்னு கேட்டேன்" என்றார் தலைமை ஆசிரியை.

"தெரியும் மேடம். வேற ஆளைப் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு, அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவர ரோட்டில் இறங்கினேன்.