சுவரைப் பார்த்து நின்ற எம்மெட்

"இப்ப என்ன சொன்னீங்க?"

"அந்தப் பையன் போடுற பந்தை இன்னும் ஒருத்தன்கூட அடிக்கலியேன்னு சொன்னேன். ஏங்க, நான் தப்பா எண்ணிட்டேனா?"

"சரியாத்தான் எண்ணியிருக்கீங்க. அதை ஏன் வெளியில சொன்னீங்க?"

ஜெனிவீவ் காச்மாரெக்கும் எம்மெட் கரிகனும் பதினோரு வருடங்களுக்கு முன்னால் முதன்முதலாகப் பேசிக்கொண்டது இதுதான். எம்மெட் கேட்டு வாய் மூடுவதற்குள் கீழே மட்டை டொக்கென்று ஒலித்தது. பந்து இரண்டு பேருக்கு நடுவே புல்லில் உருண்டு ஓடியது. பஃபலோ மியூல்ஸ் பேஸ்பால் அணியின் பந்துவீச்சாளன் ஏழு இன்னிங்ஸாகக் கட்டிக் காத்து வந்த சாதனை அதோடு போயிற்று. அரங்கின் பதினாலாம் பகுதியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் தலையைத் திருப்பி, விவாகரத்து முடிந்த கையோடு மாலைப் பொழுதுகளை என்ன செய்வதென்று தெரியாமல் சீசன் சீட்டு வாங்கியிருந்த அந்தப் புதுப் பெண்மணியைப் பார்த்தார்கள்.

எம்மெட் மட்டும்தான் அவள் பக்கம் வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டினார். "நல்லது ஒண்ணு நடந்துக்கிட்டு இருக்கும்போது அதை வாய்விட்டுச் சொல்லக் கூடாதுங்க. சொன்னா கலைஞ்சிடும். பேசாம பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கணும்."

அது ஆட்டத்துக்கு மட்டுமான விதி என்றுதான் அவள் நினைத்தாள். அந்த மனிதர் வாழ்வதே அந்த விதிப்படிதான் என்று புரிய அவளுக்கு நாலைந்து கோடைகள் ஆயின.

ஏப்ரலில் சீசன் தொடங்கும். செப்டம்பர் கடைசி வரை, மியூல்ஸ் சொந்த மைதானத்தில் ஆடும் நாளெல்லாம் அவர்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. அவர் கடலைத் தோலைத் தொப்பிக்குள் சேர்த்து வைப்பார் என்பதும், பந்து உயரே போனால் அவரை அறியாமல் எழுந்து நிற்பார் என்பதும், மனைவி இறந்த பிறகு வீட்டில் ரேடியோவை அணைப்பதே இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும். மூக்குக்கண்ணாடிக் கடையில் அவள் வேலை பார்ப்பது அவருக்குத் தெரியும். யார் எந்த எழுத்தைப் படிக்க முடியாமல் மழுப்பினார்கள் என்று அவள் நடித்துக் காட்டினால், ஆட்டத்தை விட்டுவிட்டுச் சிரிப்பார். ஆனால் அவர் வீடு எந்தத் தெரு என்று அவளுக்குத் தெரியாது. தொலைபேசி எண்ணும் தெரியாது. கடைசி ஆட்டம் முடிந்ததும் மூன்றாம் வாசலில் தொப்பியைத் தொட்டு, "சரி ஜெனிவீவ், ஏப்ரல்ல பாப்போம்" என்பார். அவ்வளவுதான். ஆறு மாதத்துக்கு ஆள் கிடையாது.

எம்மெட்டுக்கு மாநகராட்சியில் வேலை. பனிக்காலத்தில் தெருப் பனியைத் தள்ளும் வண்டி ஓட்டுவார். விடிகாலையில் அந்த வண்டி தன் தெருவில் உறுமிக்கொண்டு போனால் ஜெனிவீவ் திரைச்சீலையை விலக்கிப் பார்ப்பாள். உள்ளே இருப்பது யாரென்று ஒருநாளும் தெரிந்ததில்லை. ஆனாலும் எல்லா வண்டிக்கும் கையசைத்துவிடுவாள். மகள் கோலெட்டுக்கு இது பெரிய வேடிக்கை. "ஏம்மா, உன் ஆளு என்ன வாத்தா, குளிர் வந்ததும் பறந்து போறதுக்கு? போன் நம்பர் கேட்டா என்ன குறைஞ்சிடும்?" என்பாள். கேட்கத்தான் வேண்டும் என்று ஒவ்வொரு செப்டம்பரும் ஜெனிவீவ் நினைப்பாள். நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறதே, எதற்குப் பேசிக் கெடுப்பது என்று ஒவ்வொரு செப்டம்பரும் விட்டுவிடுவாள். அவருடைய விதி அவளையும் தொற்றிக்கொண்டிருந்தது.

இந்த ஆகஸ்டில் மைதான நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது. பதினாலாம் பகுதியை இடிக்கப்போகிறார்கள். அங்கே சோபா போட்ட கண்ணாடி அறைகள் வருகின்றனவாம். அடுத்த வருடத்துக்கு அவளுக்கு முப்பத்தோராம் பகுதியில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். அவருக்கு ஆறாம் பகுதி. ஒன்று மைதானத்தின் இந்தக் கோடி, மற்றது அந்தக் கோடி. நடுவில் ஒரு ஏரியை வைத்தாலும் வைக்கலாம். இருவருமே அதைப் பற்றிப் பேசவில்லை. காரணம், அந்த வாரம் பார்த்து மியூல்ஸ் தொடர்ந்து ஒன்பது ஆட்டம் ஜெயித்திருந்தது.

மியூல்ஸ் ஜெயிப்பது அபூர்வம். மியூல் என்றால் கோவேறு கழுதை; பெயருக்கேற்ற அணி. ஊரே அன்போடு 'நம்ம கழுதைங்க' என்றுதான் சொல்லும். சீசன் முடிவில் நடக்கும் பிளேஆஃப் தொடர் ஒன்றைக் கடைசியாக ஜெயித்து இருபத்தெட்டு வருடம் ஆகிவிட்டது. அப்படிப்பட்ட கழுதைகள் இந்த அக்டோபரில் சான் அன்டோனியோ அணியோடு ஆளுக்கு இரண்டு ஆட்டம் ஜெயித்து, ஐந்தாவது ஆட்டத்துக்குச் சொந்த மைதானத்தில் வந்து நின்றன. ஜெயித்தால் அடுத்த சுற்று. தோற்றால் சீசனும் முடிந்தது, பதினாலாம் பகுதியும் முடிந்தது.

இன்று எப்படியும் கேட்டுவிடுவது என்று ஜெனிவீவ் முடிவு செய்திருந்தாள். ஏழாவது இன்னிங்ஸ் நடுவில் எல்லோரும் எழுந்து சோம்பல் முறித்துப் பாடுவார்களே, அந்தச் சத்தத்தில் கேட்டுவிடலாம். தப்பாகப் போனால் காதில் விழவில்லை என்று இருவருமே சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் அவள் ஸ்டானை மறந்துவிட்டாள்.

ஸ்டான் தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். பதினாலாம் பகுதிக்குத் தானே போட்டுக்கொண்ட தலைவன். இந்தத் தொடரின் முதல் ஆட்டத்தில் எம்மெட் ஏழாவது இன்னிங்ஸில் சாஸேஜ் வாங்கப் போனார். அவர் போயிருந்த நேரத்தில் மியூல்ஸ் நாலு ரன் எடுத்தது. கையில் சாஸேஜோடு திரும்பி வந்து உட்கார்ந்த மறுநிமிடம் எதிரணி ஹோம் ரன் அடித்தது. ஸ்டான் இரண்டையும் கூட்டிப் பார்த்தான். இரண்டாவது ஆட்டத்தில் ஏழாவது இன்னிங்ஸ் வந்ததும் எம்மெட்டை எழுப்பி வெளியே அனுப்பினான். அன்றும் ஜெயம். அதன் பிறகு அது சட்டமாகிவிட்டது. சாஸேஜ் கடைக்குப் பக்கத்தில், மைதானத்துக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்தபடி நிற்க வேண்டும். டிவியைப் பார்க்கக் கூடாது. யாரிடமும் ஸ்கோர் கேட்கக் கூடாது.

இன்றும் ஏழாவது இன்னிங்ஸ் பிறந்ததும் ஸ்டான் பின்வரிசையிலிருந்து குனிந்தான். "யோவ் கரிகன், கிளம்பு."

எம்மெட் உடனே எழுந்தார். தொப்பியில் இருந்த கடலைத் தோலைக் கவனமாகப் பைக்குள் கொட்டினார். ஜெனிவீவைப் பார்த்தார். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு படியேறிப் போய்விட்டார். சட்டத்துக்கு அடங்கிய மனிதர். பதினோரு வருடத்தில் முதல் முறையாக அவளுக்கு அவர் மேல் கோபம் வந்தது.

அந்த வருடத்தின் கடைசி மூன்று இன்னிங்ஸை, ஒருவேளை அந்த இருக்கையின் கடைசி மூன்று இன்னிங்ஸையே, அவள் காலி நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். மூன்றுக்கு இரண்டு என்று மியூல்ஸ் முன்னிலை. போய்க் கூட்டி வந்துவிடலாமா என்று ஒரு தரம் எழுந்தாள். பின்னாலிருந்து டீனா, எப்போதும் கையில் மாட்டுமணியோடு வருகிறவள், அவள் தோளைப் பிடித்து அமுக்கினாள். "எங்க போற தாயி? நீ எழுந்து இவனுங்க தோத்தா, நாளைக்கு உனக்கு எந்தக் கடையிலயும் பால்கூட விக்க மாட்டாங்க."

ஒன்பதாவது இன்னிங்ஸ். சான் அன்டோனியோவுக்கு இரண்டு பேர் அவுட். இன்னும் ஒருவன் அவுட்டானால் முடிந்தது. ஆனால் மூன்றாவது பேஸில் ஒருவன் ஓடத் தயாராக நின்றான். அவன் வந்து சேர்ந்தால் சமம். அரங்கில் நாற்பதாயிரம் பேர். ஒருவரும் மூச்சுவிட்டதாகத் தெரியவில்லை. மட்டைக்காரன் ஓங்கி அடித்தான். பந்து நேரே மேலே போய், வெயிலில் மறைந்து, காற்றில் சாய்ந்து, பதினாலாம் பகுதியை நோக்கியே இறங்கியது. மூன்றாவது பேஸைக் காத்தவன் மேலே பார்த்தபடியே ஓடி வந்தான். தடுப்புக் கம்பியில் வயிறு மோதித் தலைகுப்புற முன்வரிசைக்குள் விழுந்தான். இரண்டு கால்கள் மட்டும் வெளியே ஆடின. பிறகு சீஸ் வழியும் கையுறை ஒன்று மேலே வந்தது. யாரோ ஒருவருடைய சீஸ் ஊற்றிய நாச்சோஸ் சிப்ஸ் தட்டுக்குள் அந்தக் கையுறை போய் வந்திருந்தது. ஆனாலும் கையுறைக்குள் பந்து இருந்தது. அவுட்.

அதன் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல யாராலும் முடியாது. ஸ்டான், கட்டிட நெருப்பிலிருந்து பதினேழு பேரைத் தூக்கி வந்தவன், சின்னக் குழந்தை மாதிரி தேம்பி அழுதபடி பக்கத்தில் இருந்தவரைக் கட்டிப்பிடித்தான். கட்டிப்பிடித்த பிறகுதான் அவர் சான் அன்டோனியோ ரசிகர் என்று தெரிந்தது. விட மனசில்லாமல், "நீங்களும் நல்லாத்தான் ஆடுனீங்க" என்று அவருக்கே ஆறுதல் சொன்னான். அவரும் பாவம், அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார். டீனாவின் மாட்டுமணியிலிருந்து நாக்கு கழன்று பறந்து முன்வரிசைக்காரரின் பீருக்குள் விழுந்தது. அவர் எடுத்துப் போட்டுவிட்டு மிச்சத்தைக் குடித்தார். ஐந்து ஆட்டமாகத் துவைக்காத சட்டையோடு வந்திருந்த ஒருவரை அவர் மனைவி எல்லோர் முன்னாலும் சட்டையைக் கழற்ற வைத்து, இரண்டு விரலால் பிடித்துப் பிளாஸ்டிக் பையில் போட்டு, மூன்று முடிச்சுப் போட்டாள். சட்டையில்லாத அவர் குளிரில் நடுங்கிக்கொண்டே எல்லோருக்கும் கை கொடுத்தார்.

ஜெனிவீவும் கத்தினாள். யார் யாரையோ கட்டிக்கொண்டாள். காலி நாற்காலி கண்ணில் பட்டது. அவ்வளவு பெரிய விஷயம் அவர் இருக்கைக்கு நாலு வரிசை கீழே நடந்து முடிந்துவிட்டது, அவர் பார்க்கவில்லை.

டீனா நாக்கில்லாத மணியை ஆட்டிக்கொண்டே, "அடுத்த சுற்றும் ஜெயிச்சிட்டோம்னா..." என்று ஆரம்பித்தாள். ஸ்டான் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினான். சட்டம் இன்னும் அமலில் இருப்பதாக அறிவித்தான். யாரும் எதையும் பேசக் கூடாது. எம்மெட் அடுத்த சுற்றிலும் அதே சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். கோப்பை கைக்கு வரும்வரை அங்கேயே நிற்க வேண்டும். சுற்றி இருந்தவர்கள் ஆமோதித்தார்கள்.

ஜெனிவீவின் உற்சாகம் சட்டென்று வடிந்தது. அடுத்த சுற்றில் இங்கே இரண்டு ஆட்டமாவது நடக்கும். அதற்குள் கேட்டுக்கொள்ளலாம் என்றுதான் அவள் மனசும் அந்த நிமிடம் சொல்லிக்கொண்டிருந்தது. தோற்றிருந்தால் வருத்தமாக இருக்கிறார், இப்போது வேண்டாம் என்றிருப்பாள். ஜெயித்தால் கலைந்துவிடும், இப்போது வேண்டாம். இந்தக் கணக்கில் அவள் கேட்கும் நாள் என்று ஒன்று வரவே போவதில்லை. அதற்குள் இந்த நாற்காலிகளை இயந்திரம் வந்து பிடுங்கிப் போட்டுவிடும்.

கூட்டத்தை இடித்துக்கொண்டு அவள் படியேறினாள்.

சாஸேஜ் கடைப் பக்கம் ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். கடுகு சாஸ் தரையெல்லாம் கொட்டிக் கிடந்தது. அதற்கு நடுவே, வெள்ளை ஓடு பதித்த சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, பள்ளியில் தண்டனை வாங்கியவர் மாதிரி எம்மெட் நின்றிருந்தார். கையில் கடிக்காத சாஸேஜ். கடைக்காரப் பெண் ஜெனிவீவிடம் முறையிட்டாள். ஆட்டம் முடிந்துவிட்டதென்று அவளும் மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டாளாம். நம்ப மாட்டேனென்கிறாராம். பதினாலாம் பகுதியிலிருந்து ஆள் வந்து சொன்னால்தான் திரும்புவாராம்.

"எம்மெட்."

அவர் முதுகு விறைத்தது. "ஜெனிவீவா? சத்தம் ரெண்டு விதமாவும் கேக்குதுங்க. யாருதுன்னு சொல்லிடாதீங்க. முதல்ல ஆட்டம் முடிஞ்சிதான்னு மட்டும் சொல்லுங்க."

"முடிஞ்சிது. கழுதைங்க ஜெயிச்சிட்டாங்க. திரும்புங்க."

அவர் திரும்பினார். அந்த அறுபது வயது முகத்தில் என்ன செய்வதென்று தெரியாத ஒரு சிரிப்பு. கண் நிறைந்திருந்தது. கடைசிப் பந்தை எப்படிப் பிடித்தார்கள் என்று கேட்டார். அவள் சொன்னாள். கால் ஆடியதையும் சீஸ் வழிந்ததையும் நடித்துக் காட்டினாள். அவர் சுவரில் சாய்ந்து சிரித்தார். "நம்ம பகுதியிலயா? நம்ம முன்வரிசையிலயா?" என்று மறுபடி மறுபடி கேட்டார்.

"இருபத்தெட்டு வருஷமா இதுக்குத்தானே உக்காந்திருந்தீங்க. வருத்தமா இல்லியா?"

"கொஞ்சம் இருக்கு." சாஸேஜை அப்போதுதான் பார்த்தவர் போலப் பார்த்தார். "ஆனா பாருங்க, நான் பாக்காததாலதான் ஜெயிச்சாங்கன்னா அதுவும் ஒரு பங்குதானே. வெள்ளிக்கிழமை அடுத்த சுத்து ஆரம்பிக்குது, அன்னிக்கும் இங்கயே நின்னுடறேன். ஸ்டான் விடமாட்டான். சரி ஜெனிவீவ், அப்ப வெள்ளிக்கிழமை..." என்று அவர் கை வழக்கம்போலத் தொப்பியை நோக்கிப் போனது.

அவள் எட்டி அந்தக் கையைப் பிடித்தாள். தொப்பியைத் தொட விடவில்லை. பதினோரு வருடத்தில் அவர் கையை அவள் தொட்டது அதுதான் முதல் தடவை. கடுகு சாஸ் ஒட்டியிருந்தது.

"வெள்ளிக்கிழமை சொல்லலாம்னு விட்டா, நான் சொல்லவே மாட்டேன்," என்றாள்.

"ஜெனிவீவ், இப்ப வேண்டாங்க. நல்லாப் போயிக்கிட்டிருக்கும்போது..."

"தெரியும். கலைஞ்சா கலையட்டும். எம்மெட், இந்தக் குளிர்காலத்துல என் வீட்டுக்கு வாங்க. நவம்பர்லயும் வாங்க, டிசம்பர்லயும் வாங்க. பனி தள்ளி முடிச்சிட்டு வண்டியை வாசல்ல நிறுத்திட்டு உள்ள வந்து சாப்பிடுங்க. ஏப்ரல் வரைக்கும் காத்திருக்க இனிமே என்னால முடியாது."