கோடுகள் வெட்டிக்கொண்ட வருடம்

அச்சகத்துக்குக் கோப்பு போக இன்னும் ஐந்து மணி நேரம் இருபது நிமிடம் இருந்தது. புள்ளிவிவர அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் யாருக்கும் கால் தரையில் பாவவில்லை. ஆள்வீத வருமானப் படத்தில் நாற்பது வருடமாகப் பக்கத்து நாட்டின் கோடு மேலே, நம் கோடு கீழே. முதல் வருடம் அவர்கள் ஆளுக்கு நூறு சம்பாதித்தபோது நாம் முப்பத்தொன்று. இந்த வருடம் அவர்கள் நூறு என்றால் நாம் நூற்றிரண்டு.

படம் வரைபவர், கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் சிவப்பு வட்டம் போட்டுச் சுவரில் ஒட்டியிருந்தார்.

"என் மச்சான் அந்தப் பக்கம்தான் பொண்ணு எடுத்திருக்கான். லீவுக்கு வந்தா ஒரே பீத்தல். இந்தப் படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு அவன் வீட்டுக்கு அனுப்பப் போறேன்."

பிரிவுத் தலைவருக்கு அலுவலகம் வைத்த பெயர் 'ரெண்டு தசமம்'. டீக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்றால்கூட 'ஒண்ணு புள்ளி அஞ்சு பூஜ்யம்' என்பார். அன்று எல்லோருக்கும் அவரே டீ வாங்கிக் கொடுத்தார்.

ஜன்னலோரம் இருந்தவள் டீயைத் தொடவில்லை. சேர்ந்து ஏழு மாதம். வேலை, சரிபார்ப்பது. நாலு பேர் முன்னால் பேச வேண்டுமென்றால் உள்ளங்கை வியர்த்துவிடும்.

கணக்கு எளிது. நாட்டின் வருமானத்தைத் தலைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். வருமானத்தில் ஒரு வரி அவளை நிறுத்தியது. திங்கள் காலை பஸ் ஏறி எல்லை தாண்டிப் போய், உழைத்துவிட்டு, சனி மாலை வீடு திரும்புகிறவர்களின் கூலி. எல்லைச் சீட்டுகளின்படி நாலு லட்சம் பேர். கூலியைச் சேர்த்தது சரிதான், அவர்கள் நம்மவர்கள். ஆனால் தலைக்கணக்கில் அப்படிப்பட்டவர்கள் இரண்டாயிரம் பேர்கூட இல்லை. கணக்கெடுப்பு நடந்ததோ செவ்வாய் முதல் வியாழன் வரை.

விட்டுப்போனவர்களைச் சேர்த்து வகுத்தாள். தொண்ணூற்றெட்டு. மறுபடி வகுத்தாள். அதே தொண்ணூற்றெட்டு.

வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. திறந்தால், உனக்கு இது எப்படித் தோன்றியது என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குத்தான் பயந்தாள். இருந்தாலும் தாளை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"சார், நாம இன்னும் தாண்டல."

தலைவர் தாளில் விரலை ஓட்டினார்.

"ஏம்மா, ஏழு மாசத்துல எங்க நாப்பது வருஷத்தைக் கவுத்திட்டியே" என்றார் படம் வரைபவர். சிரிக்கத்தான் பார்த்தார்.

"கவுக்கல அண்ணே. முப்பத்தொண்ணுல ஆரம்பிச்சு தொண்ணூத்தெட்டு. அதுவும் யாரையும் வெளிய நிறுத்தாம."

"தொண்ணூத்தேழு புள்ளி ஒம்போது ஆறு" என்று திருத்தினார் தலைவர். அதற்கு மேல் அவளுக்குப் பாராட்டு தேவைப்படவில்லை. அவரே எழுந்துபோய்ச் சுவரில் இருந்த படத்தைக் கிழிக்காமல் உரித்தார். "வட்டத்தை எடுத்துட்டு வேற போடுய்யா. இதுவும் சட்டம் போடுற படம்தான். உன் மச்சானுக்கு அடுத்த வருஷம் பதில் சொல்லிக்கலாம்."

பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"எனக்கு ஒண்ணு புரியல. வெளிய போனவங்களையும் சேர்த்துச் சொல்லணும்னு கணக்கெடுக்கிற தாள்லயே போட்டிருக்கு. இத்தனை வீட்லயும் ஏறக்குறைய எல்லாரும் ஏன் மறைச்சாங்க?"

"கூச்சம் சார்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

டீ ஆடை கட்டியிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. அவரை நேராகப் பார்த்தாள்.

"எங்க வீட்ல கேட்டப்ப, அப்பாவும் நானும் ரெண்டே பேருன்னு சொன்னது நான்தான். நாங்க மூணு பேரு சார். எங்கம்மா அந்தப் பக்கம் ஒரு ஹோட்டல்ல பாத்திரம் தேய்க்கிறாங்க. என்னைப் படிக்க வச்சு இந்த நாற்காலியில உக்கார வச்சது அவங்கதான்."