பொம்மிடி தாண்டி ஏழு கிலோமீட்டர்

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து தர்மபுரி நாற்பது கிலோமீட்டர். பானுமதி பஸ்ஸில் இருந்தால் இருநூற்றுப் பன்னிரண்டு.

கூடுதல் தூரம் முழுவதும் பொம்மிடி ரயில்வே கேட்டைத் தாண்டியதும் வந்தது. இருபுறமும் புளியமரங்கள், ஊர் கிடையாது, மைல்கற்களில் எண் ஏறிக்கொண்டே போகும். நான்கு வருடத்துக்கு முன், முதல் தடவை, மூன்று கிலோமீட்டர்தான் கூடியது. அவளுக்கு நெஞ்சு படபடத்தது, கை மரத்தது, இந்த நிமிடமே சாகப்போகிறோம் என்று தெரிந்தது. வலிப்பு என்று நினைத்து ஒருவர் தன் வீட்டுச் சாவியை அவள் கையில் திணித்தார். கணவன் மாதவராஜ் பஸ்ஸை நிறுத்தி அவளை இறக்கினான். இறங்கியதும் மூச்சு வந்தது. சாலை சுருங்கி, எல்லோரும் ரயில்வே கேட் பக்கத்தில் நின்றார்கள். அடுத்த தடவை பதினோரு கிலோமீட்டர் கூடியது. பாதியில் இறங்க இறங்கத் தூரம் வளர்ந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. இறக்கிவிடுவதுதான் உதவி என்று இருந்தார்கள்.

உள்ளூரில் எல்லா வைத்தியமும் பார்த்தார்கள். ஈசிஜி நார்மல். ஒருவர் கேஸ் டிரபிள் என்றார், ஒருவர் ரத்தம் பத்தாது என்று குளுக்கோஸ் ஏற்றினார். கோயிலில் கயிறு கட்டினார்கள். "புளி தட்டறப்ப வலிக்காத நெஞ்சு பஸ்ஸு ஏறுனா மட்டும் வலிக்குதாக்கும்" என்றாள் நாத்தனார் ராணியம்மாள். மூன்று வருடத்தில் பானுமதியிடம் பதினான்கு சாவிகள் சேர்ந்தன. திருப்பிக் கேட்டு யாரும் வரவில்லை.

தர்மபுரி பெரியாஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமை மனநல டாக்டர் வருவார், பன்னிரண்டு மணி வரை சீட்டு தருவார்கள் என்று கிராம நர்ஸ் சொன்னாள். பானுமதி ஐந்து தடவை கிளம்பினாள், ஐந்து தடவையும் பாதியில் இறங்கினாள். ஐந்தாம் தடவை அதே பஸ்ஸில் வந்த மாரியப்பன் காணாமல் போனார். அவளுக்காக நின்ற பஸ்ஸிலிருந்து ஒன்றுக்குப் போக இறங்கி ஒரு புளியமரத்தின் பின்னால் ஒதுங்கியிருந்தார். பானுமதி இறங்கினாள், சாலை சுருங்கியது, மரமும் அவரும் அதோடு போனார்கள். போலீஸ்காரர்கள் நாற்பது கிலோமீட்டரையும் தேடினார்கள். அவர்களிடம் அவ்வளவுதான் இருந்தது.

அதன்பின் கண்டக்டர்கள் அவளை ஏற்றவில்லை. கூலிக்குப் புளி தட்டப் போவது நின்றது, பிறகு வாசலுக்கு வருவதும் நின்றது. எட்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய் காலை, மாரியப்பனின் மனைவி சாலம்மாள் கையில் சோற்றுப் பொட்டலத்தோடு வந்து நின்றாள்.

"கெளம்பு."

"முடியாதுங்கக்கா. செத்துருவேன்."

"சாவு. எறங்காத மட்டும் இரு. நீ எறங்குனா எம்மனுசன் இருக்கற எடம் மூடிக்குது."

முதல் பஸ்ஸில் சாலம்மாள் கண்டக்டரைத் திட்டி இடம் பிடித்தாள். பானுமதியை ஜன்னலோரம் தள்ளி, வழியை மறித்து உட்கார்ந்தாள். பொம்மிடி தாண்டியது. பானுமதி அலறினாள், வாந்தி எடுத்தாள், ஜன்னல் கம்பியில் முட்டிக்கொண்டாள். சாவி நீட்டியவர் கையைச் சாலம்மாள் தட்டிவிட்டாள். மற்றபடி பானுமதியின் மணிக்கட்டை விடாமல், வெளியே ஒவ்வொரு மரமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். உச்சிக்கு ஏறிய படபடப்பு இருபது நிமிடம் அப்படியே இருந்தது. பிறகு தானாக இறங்கியது. பதினொன்றே முக்காலுக்குச் சீட்டு வாங்கினார்கள்.

எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறாள் என்று டாக்டர் கேட்டார். சொன்னாள். ரத்த அழுத்தத்துக்குக் கீழே 212 என்று எழுதிக்கொண்டு மாத்திரை தந்தார். "சாக மாட்டீங்கம்மா. பாதியில எறங்காதீங்க. வாராவாரம் வாங்க."

இரண்டு பேரும் வாராவாரம் போனார்கள். நூற்றுத் தொண்ணூறு, நூற்று நாற்பது, எண்பத்தைந்து. சாலம்மாள் பொம்மிடிக்கு அப்பால் ஒரு பொட்டலத்தை ஜன்னல் வழியே எறிவாள். அடுத்த வாரம் வாழையிலை மட்டும் கிடக்கும். ஆளைப் பார்க்கவில்லை. மரங்கள் குறைந்துகொண்டே வந்தன. பானுமதி தனியாகக் கடைக்குப் போனாள், மறுபடி புளி தட்டினாள். கல்லில் நாற்பத்தேழு என்று இருந்த அன்று சாலம்மாள் அவள் கையை விட்டாள்.

"போதும் கண்ணு. இதுக்கு மேல கொறைக்காத. அவரு நிக்க எடம் வேணுமில்ல."

மாத்திரையைக் கொஞ்சம் கூட்டினால் மீதியும் போய்விடும் என்றார் டாக்டர். "ஏழு இருக்கட்டுங்க சார்" என்றாள் பானுமதி. அவர் எழுதிக்கொண்டார்.

இப்போதும் செவ்வாய்க்கிழமை பொம்மிடி தாண்டியதும் அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இறங்குவதில்லை. ஆடி மாதத்திலிருந்து பொட்டலங்கள் பிரிக்கப்படாமல் கிடக்கின்றன. சாலம்மாள் எறிகிறாள். அந்த ஏழு கிலோமீட்டருக்குக் கண்டக்டர் டிக்கெட் போடுவதில்லை.