தாத்தா முதலில் சிரிக்கும் படம்

எங்கள் வீட்டில் ஒரு படம் ஓடுகிறது. தியேட்டரில் ஓடியதுபோல் ஓடி முடிந்து தொலைந்தால் பரவாயில்லை, இது முடிவேனா என்கிறது. கார்ட்டூன் படம்தான். ஒரு நீர்நாய்க் குடும்பம், வெள்ளத்தில் வீடு போய்விடுகிறது, எங்கிருந்தோ மிதந்து வந்த ஒரு குளியல் தொட்டியில் அப்பா, அம்மா, குட்டிகள் எல்லாம் ஏறிக்கொண்டு புது இடம் தேடிப் போகின்றன. ஒன்றாவது வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவேண்டுமே! கீச்சுக் கீச்சென்று கத்துவதோடு சரி. அந்தப் படம் என்றால் என் மாமனாருக்கு உயிர்.

பாப்பாவுக்காகப் போடுகிறோம் என்றுதான் வெளியில் சொல்லிக்கொள்வது. அவள் என் மகள், ஐந்து வயது வாண்டு. உண்மையில் அவளுக்கே அது அலுத்துவிட்டது. வேறு படம் போடலாம் என்றால் தாத்தா முகம் வாடிப்போகும் என்று அவள்தான் விட்டுக்கொடுக்கிறாள்.

மாமா ஆணி செய்யும் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றவர். அத்தை போன பிறகு எங்களோடு வந்துவிட்டார். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். மத்தியானம் பள்ளி விட்டதும் பாப்பாவைக் கூட்டிவந்து, உடை மாற்றி, சாப்பிடவைத்து, நான் வரும்வரை பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. பொறுப்பு என்பதைவிட, அதற்காகத்தான் அவர் காலையில் எழுந்திருக்கிறார் என்று சொல்லவேண்டும். தங்கமான மனிதர். எதைக் கேட்டாலும் “ஆமாம்மா” என்று சிரிப்பார். “இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா மாமா?” “ஆமாம்மா.” “போதுமா மாமா?” அதற்கும் “ஆமாம்மா.” நான் அவருக்கு ஆமாசாமி என்று பெயர் வைத்திருந்தேன். மனதுக்குள்தான். மாமனாரை நேரில் அப்படிக் கூப்பிட எனக்கென்ன பைத்தியமா?

போன வாரம் ஒருநாள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே பாப்பா அழுகிற சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் குளியலறைக் கதவு ஈரத்தில் உப்பிப்போய் இறுகிக்கொண்டிருக்கிறது. உள்ளிருந்து “தாத்தா, தாத்தா” என்று தொண்டை கிழியக் கத்துகிறாள். தாத்தாவோ கூடத்தில் நீர்நாய்களைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருக்கிறார். தோளால் ஒரே இடி இடித்துக் கதவைத் திறந்து, அவளை அள்ளிக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றேன். எனக்கு அப்படி ஒரு கோபம். அவர் பதறி எழுந்து, “ஐயோ, விழுந்துட்டாளா?” என்றார்.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். எந்தப் பழுதையும் கேட்ட மாத்திரத்தில் முடிவு கட்டிவிடுவார். “அப்பாவுக்குப் புத்தி தடுமாறுது. இனிமே குழந்தைய அவர்கிட்ட விடக்கூடாது. திங்கக்கிழமைலேர்ந்து மத்தியானம் குழந்தைங்க காப்பகத்துல விட்டுடலாம்” என்றார். நான் மறுக்கவில்லை. மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது, குனிந்து ஷூ மாட்டிக்கொண்டே அவரே அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னார். மாமா எப்போதும்போலச் சிரித்துக்கொண்டு, “ஆமாம்ப்பா, அப்படியே செய்” என்றார். பேத்தியைப் பிரிக்கிறோம், மனிதர் இப்படிச் சிரிக்கிறாரே என்று எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. கணவர் என்னைப் பார்த்து, “பாத்தியா?” என்பதுபோல் கையை விரித்தார்.

சனிக்கிழமை எனக்கு விடுமுறை. மத்தியானம் கூடத்தில் அதே படம். பாப்பா தாத்தா மடியில் தலை வைத்துத் தூங்கிப்போயிருந்தாள். நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து போன் வந்தது. நீர்நாய்கள் போட்ட கூச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தை அடியோடு நிறுத்திவிட்டுப் பேசினேன்.

பேசி முடித்துத் திரும்பினால், மாமா சிரித்துக்கொண்டிருக்கிறார். திரையில் அப்பா நீர்நாய் தொட்டி விளிம்பில் நடந்து வருகிறது. வழுக்குவதற்கு முன்பே இவருக்குத் தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது. சத்தம் நின்றுபோனது அவருக்குத் தெரியவே இல்லை.

பின்னால் போய் நின்று, “மாமா, வீடு பத்தி எரியுது” என்றேன். அவர் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்.

முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தேன். என் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது.

“மாமா, திங்கக்கிழமைலேர்ந்து பாப்பா மத்தியானம் காப்பகத்துல இருப்பா. உங்களுக்குத் தெரியுமா?” என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டேன்.

அவர் என் உதட்டையே பார்த்தார். “யாரு... யாரு சொன்னா?”

“உங்க பிள்ளைதான். உங்ககிட்ட சொன்னாரே. நீங்களும் சரின்னீங்களே.”

அவர் கை தானாகப் பாப்பாவின் தலைமேல் போய் நின்றது.

“மெஷின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமா தின்னுடுச்சும்மா. உங்க அத்தை இருந்தவரைக்கும் எனக்கு எதிர்ல வந்து நின்னுதான் பேசுவா. யாருக்கும் தெரியவிடல. அவ போனதும் எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லிச் சமாளிச்சேன்.”

“எங்ககிட்ட சொல்லக்கூடாதா மாமா?”

“சொன்னா காது கேக்காதவன்கிட்ட குழந்தைய விடுவீங்களா?”

ஊரார் கண்ணையெல்லாம் சோதித்துக் கண்ணாடி மாட்டி அனுப்புகிறவள் நான். வீட்டுக்குள் இருக்கும் மனிதர் எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பது என் கண்ணில் படவில்லை. பேச்சை மாற்றத்தான், “இந்தப் படத்துல அப்படி என்ன மாமா இருக்கு?” என்றேன்.

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. “வீட்ல நீங்க ஏதாவது பேசிச் சிரிப்பீங்க. நான் உங்க முகத்தைப் பாத்து, சரி, சிரிக்கணும்போலன்னு சிரிப்பேன். எப்பவும் நான்தான் கடைசி. இதுல யாரும் பேசறதில்ல பாரு. எப்ப சிரிப்பு வரும்னு எனக்குத் தெரியும். நான்தான் முதல்ல சிரிப்பேன். என்னைப் பாத்துட்டுப் பாப்பா சிரிப்பா.”

அழுதுவிட்டேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

அரைநாள் வேலை முடிந்து கணவர் வந்ததும் சமையலறைக்குள் இழுத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். “சும்மா உளறாத” என்றார். வெளியே வந்து, சோபாவுக்குப் பின்னால் நின்று “அப்பா” என்று கூப்பிட்டார். இன்னும் கொஞ்சம் உரக்க, “அப்பா” என்றார். மாமா பாப்பாவின் நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டிருந்தார். என் கணவர் சோபா முதுகைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். பிறகு சுற்றிக்கொண்டு போய், கிரீஸ் படிந்த வேலை உடையோடு அப்பாவின் காலடியில் உட்கார்ந்தார். போனை எடுத்துக் காப்பகத்துக்குப் பேசி, இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அப்பாவை நிமிர்ந்து பார்த்தார்.

“அப்பா! பாப்பா எங்கயும் போகல! திங்கக்கிழமை காது டாக்டர்கிட்ட போறோம்! எப்பவும்போல நீங்கதான் அவளைப் பாத்துக்கணும்!” வீடே அதிர்ந்தது.

மாமா மகனுடைய வாயைப் பார்த்தார். புடைத்த கழுத்து நரம்பைப் பார்த்தார். உதட்டில் விரலை வைத்தார்.

“ஏன்டா இப்படிக் கத்தற? குழந்தை தூங்குது.”