வந்துடுச்சு

ஃப்ரீசர் பெட்டியின் சத்தம் மாறியது முதலில் அவள் காதில்தான் விழுந்தது. வந்தவர்கள் யாருக்கும் அது தெரியவில்லை. கண்ணாடி வழியாக அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வெளியே போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் குனிந்து பெட்டியின் பக்கவாட்டில் கையை வைத்துப் பார்த்தாள். கம்ப்ரஸர் ஓடியது. ஆனால் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடியது. தகரம் ஜில்லென்றே இல்லை.

ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவரின் வீட்டில் பிறந்தவளுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடையில் இடம் போதாமல், யாருடையதோ ஒரு பழைய ஃபிரிட்ஜ் எப்போதும் இந்த நடு அறையில் நின்று உறுமிக்கொண்டிருக்கும். பள்ளிப் பாடம் படித்ததெல்லாம் அந்த உறுமலில்தான். இந்தப் பெட்டியும் அப்பாவின் கை பட்டதுதான். வாடகைக்கு விடுகிறவர்களுக்கு வருஷக்கணக்காக அவர்தான் இவற்றைப் பார்த்துக் கொடுத்துவந்தார். இந்தப் பெட்டியில் படுத்த கஸ்டமர் ஒருத்தர்கூட இதுவரை குறை சொன்னதில்லை என்று ஜோக்கடிப்பார். அம்மாவுக்கு அந்த ஜோக் ஒருநாளும் பிடித்ததில்லை.

சித்தப்பா விமானம் பிடித்து வந்துசேர மறுநாளாகும். அதுவரை பெட்டி குளிர்ந்தாக வேண்டும்.

அவள் ஸ்பேனரைத் தேடி வெளியே போனாள். அப்பாவோடு கடையில் வேலை செய்கிறவருக்கு அதுதான் பட்டப்பெயர். உண்மைப் பெயரை அவரே மறந்திருப்பார். வாசலில் பெரிய மாமா, அம்மாவின் அண்ணன், புதிதாக வந்த இருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து சொன்னதையேதான் இப்போதும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பொண்ணுக்கு காலேஜ் சீட்டு வந்துடுச்சுன்னு தெரிஞ்சுட்டுத்தான் கண்ண மூடினாரு. அந்த ஒரு நிம்மதியாவது கெடச்சுதே மனுஷனுக்கு."

இருவரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அதில் ஒரு அம்மாள் எழுந்துவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். துக்கம் கேட்பதா, வாழ்த்துவதா என்று அந்த முகத்துக்கே தெரியவில்லை. அவள் தலையாட்டினாள். காலையிலிருந்து ஆட்டி ஆட்டிக் கழுத்து வலித்தது.

சீட்டு வரவில்லை. அது தெரிந்தவள் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான்.

போன வருஷம் நுழைவுத் தேர்வு முடிவு வந்தபோது அப்பா அவளுடைய போனை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். விரலால் மேலே தள்ளினார், கீழே தள்ளினார். "இவ்வளவுதானா, இல்ல கீழ இன்னும் இருக்கா?" என்று கேட்டார். அதில் கிண்டலே இல்லை. நிஜமாகவே அடுத்த பக்கம் இருக்கும் என்று நினைத்துவிட்டார். பிறகு போனைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுபடி எழுது என்றார். இன்னும் ஒரே ஒரு தடவைதான், அதற்குமேல் இந்த வீட்டில் அந்தப் பேச்சே எடுக்கக்கூடாது என்றாள் அம்மா. அப்பா இருவரையும் பார்த்துவிட்டு, சரி என்று இருவருக்கும் பொதுவாகச் சொன்னார்.

அந்த ஒரு வருஷம் அவள் மனுஷியாகவே இல்லை. விடியுமுன் கோச்சிங், பொழுது சாய்ந்தால் மாதிரித் தேர்வு. ஒன்று முடிந்தால் அடுத்தது. கூடப் படித்தவர்கள் கல்லூரியிலிருந்து போட்டோ அனுப்பினார்கள். அவள் அந்தக் குழுவிலிருந்தே விலகிவிட்டாள். யாராவது எதிரே வந்தால், என்ன பண்றே என்று கேட்டுவிடுவார்களோ என்று வேறு தெருவில் திரும்பிவிடுவாள். நேற்றுக் காலை ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று முடிவைத் திறந்தபோது மதிப்பெண் கூடியிருந்தது. நிறையவே கூடியிருந்தது. ஆனால் எல்லோருக்கும் கூடியிருந்தது. அவள் ஏறிய அளவுக்குக் கட்-ஆஃபும் ஏறிப்போய் உட்கார்ந்திருந்தது.

உள்ளே போனபோது அப்பா மாஸ்க்கோடு கிடந்தார். இதயம் பாதிதான் வேலை செய்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் கையில் போனைப் பார்த்ததும் மாஸ்க்கைக் கொஞ்சம் நகர்த்தினார்.

"வந்துடுச்சா?"

"வந்துடுச்சுப்பா."

ரிசல்ட்டைத்தான் சொன்னாள். ஆனா என்று தொடங்க வாயைத் திறந்தாள். அதற்குள் நர்ஸ் சலைன் பாட்டிலை மாற்ற வந்துவிட்டார். அப்பா நர்ஸின் கையைத் தட்டிக் கூப்பிட்டு, இத்தனை நாளில் அவர் சிரிக்காத சிரிப்பொன்றைச் சிரித்துக்கொண்டு, "என் பொண்ணுக்கு வந்துடுச்சு" என்றார்.

பொண்ணுக்கு என்ற அந்த ஒரு சொல் சேர்ந்ததும் எல்லாமே வேறாகிவிட்டது. அவள் அங்கேயே சொல்லியிருக்கலாம். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. கொஞ்சம் தெளிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். நர்ஸ் அம்மாவிடம் சொன்னார், அம்மா மாமாவிடம் சொன்னாள். சொல்லிவிட்டு வராந்தாவில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அம்மா அழுதாள். சந்தோஷத்தில் அம்மா அழுது அவள் அதுவரை பார்த்ததே இல்லை. பொழுது சாயும்போது அப்பா போய்விட்டார்.

தெருமுனைக்குப் போய் வெறுமனே நின்றுகொண்டிருந்த ஸ்பேனர், பெட்டி குளிரவில்லை என்று அவள் சொன்னதும் ஒன்றும் கேட்காமல் கடைக்கு ஓடிப் பையோடும் சின்ன கேஸ் சிலிண்டரோடும் வந்தார். கொஞ்ச நேரம் எல்லோரும் வெளியே இருங்கள் என்று மாமாவை விட்டுச் சொல்லச்சொன்னார். அறையில் அவர்கள் இருவர் மட்டும் இருந்தார்கள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா. ஸ்பேனர் தரையில் ஒருக்களித்துப் படுத்து அடிப்பலகையைக் கழற்றினார். அவள் டார்ச் பிடித்தாள்.

"கேஸ் இல்ல பாப்பா. எறங்கிப்போச்சு."

மெஷினை நிறுத்திவிட்டு, ஒரு கிண்ணத்தில் சோப்பை நுரைக்க அடித்து, பிரஷால் குழாயின் ஒவ்வொரு இணைப்பிலும் தடவிக்கொண்டே போனார். கசிகிற இடத்தில் நுரை முட்டையிடும். அப்பாவின் முதல் பாடமே அதுதான். கசிவைப் பார்க்காமல் கேஸ் அடிக்கிறவனைக் கடைக்குள்ளேயே விடமாட்டார். முதல் இணைப்பில் ஒன்றும் இல்லை. அடுத்ததிலும் இல்லை. பின்பக்கம், கையே எட்டாத மூலையில் இருந்த ஒரு நட்டின் ஓரத்தில் நுரை மெல்ல உப்பியது. உடைந்தது. மறுபடி உப்பியது.

"இது நேத்து வந்த லீக் இல்ல," என்றார் ஸ்பேனர். "ரொம்ப நாளா இருக்கு. யாரோ இத பாக்காமலே கேஸ் அடிச்சு அடிச்சு அனுப்பியிருக்..."

பாதியில் நிறுத்திவிட்டார். இந்தப் பெட்டியை வேறு யாரும் தொட்டதில்லை என்பது இருவருக்கும் தெரியும். கொஞ்ச மாதங்களாகவே அப்பாவால் குனிந்து உட்கார முடியவில்லை. பத்தடி நடந்தால் மூச்சு வாங்கியது. தரையில் படுத்து அந்த மூலைவரை கையை விட அவரால் முடிந்திருக்காது. நின்றவாக்கில் கேஸ் மட்டும் ஏற்றி அனுப்பியிருக்கிறார். அது கொஞ்ச நாள் குளிரும், இறங்கும், திரும்ப வரும். அவர் யாரிடமும் சொல்லவில்லை.

"பாவம் அண்ணன்," என்றார் ஸ்பேனர், நட்டை முறுக்கிக்கொண்டே. "முடியல அவருக்கு."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நேற்றிலிருந்து அவள் அழவே இல்லை. சீட்டு கிடைத்த பெண் எப்படி அழுவாள் என்று தெரியாமல் இருந்தாள். இப்போது அப்பாவுக்காக அழுகிறாளா தனக்காகவா என்று பிரிக்க முடியவில்லை. அவளும் அதைத்தான் செய்திருந்தாள். மாதிரித் தேர்வுக்கு மேல் மாதிரித் தேர்வாக ஏற்றினாளே தவிர, தப்பாய்ப் போன கேள்விகளை ஒருநாள்கூடத் திரும்பப் பார்க்கவில்லை. சிவப்பில் அவற்றைப் பார்க்க அவளால் முடியவில்லை. பார்க்காமலே அடுத்த தேர்வைத் திறந்துவிடுவாள்.

ஸ்பேனர் மறுபடி நுரை தடவினார். இந்த முறை அது அசையாமல் கிடந்தது. கேஸ் ஏற்றி மெஷினைப் போட்டார். பழைய சத்தம் திரும்பியது, சீராக, அலுப்பில்லாமல். அவர் பையைக் கட்டிக்கொண்டு, ஒருமுறை கண்ணாடியைத் தொட்டுவிட்டு வெளியே போனார்.

அம்மா உள்ளே வந்தாள். இரண்டு நாளாக வாராத தலையும் வீங்கிய கண்ணுமாக, பெட்டியின் தலைமாட்டில் வந்து நின்றாள்.

"வந்துடுச்சா?"

குளிரைத்தான் கேட்டாள். ஆனால் அந்தச் சொல் மகளை விடவில்லை. இன்னொரு தடவை அதற்கு வெறுமனே ஆமாம் சொல்ல அவளிடம் தெம்பு இல்லை.

"குளிர் வந்துடுச்சும்மா," என்றாள். "எனக்குத்தான் வரல."

அம்மா அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது.

"மார்க் வந்துச்சு. அததான் சொன்னேன். அப்பா சீட்டுன்னு எடுத்துக்கிட்டாரு."

"அவர்கிட்ட சொல்லலையா?"

"இல்ல."

அம்மா பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். திட்டுவாள் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால்கூட நன்றாயிருக்கும் போல இருந்தது. வெளியே மாமாவின் குரல் கேட்டது. வேறு யாரோ வந்திருக்கிறார்கள். பொண்ணுக்கு சீட்டு வந்துடுச்சுன்னு தெரிஞ்சுட்டுத்தான் என்று மாமா ஆரம்பித்தார்.

அம்மா வாசல்வரை போனாள்.

"அண்ணா, அத இனிமே சொல்லாதீங்க. சீட்டு வரல. அவ மறுபடி எழுதுவா."

நாற்காலிகளில் பேச்சு நின்றது. யாரும் எதுவும் கேட்பதற்குள் அம்மா உள்ளே திரும்பிவிட்டாள். வந்து பழைய இடத்திலேயே நின்றாள். முகத்தில் கோபமும் இல்லை, வேறெதுவும் இல்லை. களைப்பு மட்டும் இருந்தது.

குளிர் ஏற ஏறக் கண்ணாடியின் வெளியே பனி படியத் தொடங்கியது. அப்பாவின் முகம் மங்கியது. அம்மா உள்ளங்கையால் அந்த இடத்தைத் துடைத்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி மங்கியபோது, இந்தப் பக்கமிருந்து அவள் துடைத்தாள்.