பேசக்கூடாத நேரம்

ஒரே இஸ்திரிக் கடையில் எதிரெதிர் மேசையில் நின்றுகொண்டு நானும் அண்ணனும் பேசாமலிருந்தோம். காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். நான் தேய்த்த சட்டையை, வாங்க வந்தவர் முன்னாலேயே பிரித்து, "மடிப்பு சரியில்ல" என்று அண்ணன் மறுபடி தேய்த்தார். எனக்கு மானம் போய்விட்டது. அன்றோடு பேச்சை நிறுத்தினேன். அண்ணி சமாதானம் பேசிப் பேசிக் களைத்துப்போனார்.

வெள்ளிக்கிழமை ஏற்பாடு மட்டும் பிசகாது. மற்ற நாட்களில் கடை மூலையிலேயே தொழுதுகொள்ளலாம். வெள்ளி நண்பகல் ஜும்ஆ தொழுகை அப்படியல்ல, ஊரோடு சேர்ந்துதான் தொழ வேண்டும். சின்னப் பள்ளிவாசலில் சீக்கிரம் முடியும், அங்கே நான். நான் திரும்பியதும் பெரிய பள்ளிவாசலுக்கு அவர். கடையில் எப்போதும் ஓர் ஆள் இருக்கும்.

அந்த வாரம் சின்னப் பள்ளியில் தரை வேலை. எல்லோரும் பெரிய பள்ளிக்குப் போகும்படி முன்பே சொல்லிவிட்டார்கள். அதை நான் வலியப் போய் அண்ணனிடம் சொல்வதா? ஊருக்கே தெரிந்தது அவருக்குத் தெரியாமலா போகும். அவர் தொழுகைக்காகக் கை கால் முகம் கழுவி ஒளு செய்யப் பின்கட்டுக் குழாய்க்குப் போனதும், இனி அவர் வந்து எல்லாவற்றையும் அணைத்துப் பூட்டிக்கொள்வார் என்று நான் முன்வாசல் வழியாகக் கிளம்பிவிட்டேன்.

இமாம் மிம்பர் மேடையில் ஏறி குத்பா உரையைத் தொடங்கிய பிறகு அண்ணன் வந்தார். கூட்டத்தில் என் பக்கத்தில்தான் இடமிருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. சற்றுமுன் ஒரு வீட்டில் துணி கொடுத்துவிட்டுக் கடைக்குத் திரும்பிய என்னை, சின்னப் பள்ளியில் தொழுதுவிட்டு வந்ததாக நினைத்திருக்கிறார். கடையில் நான் இருக்கும் நம்பிக்கையில் குழாயடியிலிருந்து பின்சந்து வழியாக நேரே வந்துவிட்டார்.

கடையில் யாருமில்லை. என் மேசையில் கல்யாண மாப்பிள்ளையின் கோட்டு. இஸ்திரிப் பெட்டி சூட்டில் இருக்கிறது. அதை நிமிர்த்தி வைத்தேனா, கோட்டின் மேலேயே படுக்க வைத்தேனா?

குத்பா நேரத்தில் பேசக்கூடாது. பேசுகிறவனை "சும்மா இரு" என்று அதட்டுவதுகூடக் கூடாது. பாயின் மேல் உள்ளங்கையை முன்னும் பின்னும் இழுத்துக் காட்டினேன். அண்ணன் விரலால் சுவிட்சை அணைப்பதுபோல் காட்டிப் புருவத்தை உயர்த்தினார். இல்லை என்று தலையை ஆட்டினேன். எத்தனையோ நாள் வீம்புக்கு வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, வாய் திறக்கக்கூடாத நேரத்தில் பேசத் துடித்தோம். இமாம் சொன்ன ஒரு வார்த்தைகூட என் காதில் ஏறவில்லை.

நான் எழுந்தேன். அண்ணன் என் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டு, தான் எழுந்து போனார். காய்ச்சலில்கூட ஜும்ஆவை விடாத மனிதர் அவர்.

தொழுகையில் குனிந்தால் கோட்டு, நிமிர்ந்தால் புகை. முடிந்ததும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

கடையில் கருகல் வாடை. பெட்டி சாய்ந்து மேசை விரிப்பு பொசுங்கியிருந்தது. கோட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் ஊற்றிய தரையில் ஈரம் படாத மூலை பார்த்து, ஜும்ஆ தவறிவிட்டதால் அண்ணன் தனியாக லுஹர் என்னும் வழக்கமான நண்பகல் தொழுகையைத் தொழுதுகொண்டிருந்தார். ஊரே அணியணியாக நின்று தொழுத வெள்ளிக்கிழமையில் அவர் பக்கத்தில் யாருமில்லை. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அவருக்கு இடப்பக்கம் போய் உட்கார்ந்தேன்.

கடைசி இருப்பில் வலப்பக்கம் முகம் திருப்பி ஸலாம் சொன்னார். பிறகு இடப்பக்கம் திரும்பினார்.

"அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ்."

தொழுகையை முடிக்கும் ஸலாம்தான் அது, எனக்குத் தெரியும். இருந்தாலும் பதில் சொன்னேன்.

"வ அலைக்குமுஸ்ஸலாம், அண்ணே."

அவர் எழுந்து போய்க் கோட்டைத் தூக்கிப் பார்த்தார். கைப்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பினார். ஏதோ சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டார்.

"மடிப்பு சரியில்லதானே?" என்றேன். "நீங்களே தேச்சிடுங்க."

பெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.